மோட்டாரின் வெள்ளைப் பக்கம்

திலகவதி வீட்டு ஸ்மார்ட் பெட்டிக்குள் இரண்டு செயலிகள் குடியிருந்தன. ஒன்று விளக்குகளைப் பார்த்துக்கொண்டது, இன்னொன்று தண்ணீர் மோட்டாரை. நடப்பதையெல்லாம் இரண்டும் தத்தம் லாக்கில், அதாவது பதிவுப் பக்கத்தில், எழுதிவைக்க வேண்டும். கோளாறு என்றால் சிவப்பில்.

விளக்குச் செயலியின் லாக் முழுக்கச் சிவப்பு. "வாசல் விளக்கு பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எரிந்தது."

"வெக்கமா இல்ல உனக்கு? என் பக்கத்தைப் பாரு, பால் மாதிரி வெள்ளை!" என்று மோட்டார்ச் செயலி நெஞ்சை நிமிர்த்தும்.

ஒரு நாள் காலையில், தொட்டி நிறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய சென்சார் வாயே திறக்கவில்லை. எழுதினால் பக்கம் கெட்டுப்போகுமே என்று மோட்டார்ச் செயலியும் பேசாமல் இருந்துவிட்டது. மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் கொட்டி, கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியெல்லாம் நனைந்தது.

"மோட்டாரை நிறுத்துங்கம்மா!" என்று அவர் கத்தினார்.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்த திலகவதி, லேப்டாப்பில் மோட்டார் லாக்கைத் திறந்தாள். செயலி பூரித்துப்போனது.

"இவ்ளோ தண்ணி கொட்டியும் ஒரு சிவப்பு வரிகூட இல்லையே. இது வேலையே செய்யல போல. தூக்கிட வேண்டியதுதான்" என்றபடி, நீக்கும் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

செயலி பதறிப்போய்த் தன் முதல் சிவப்பு வரியை எழுதியது: "தொட்டி சென்சார் பேசவில்லை."

"அட, இதுதானா!" திலகவதி டெஸ்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மோட்டார்ச் செயலி மெல்ல விளக்குச் செயலி பக்கம் திரும்பியது.

"கவனிச்சியா? உன் சிவப்பு ஒண்ணுகூட என்னோடது மாதிரி பளிச்சுன்னு இல்ல."