மேட்டுக்குப் போங்க!

"...தஞ்சை மாவட்டத்தில் இடியுடன் கூடிய பலத்த மழை பெய்யக்கூடும்" என்று டிரான்சிஸ்டர் சொல்லி முடித்தது. பண்ணைக் கணக்குப்பிள்ளை இளையபெருமாள் அதைத் திருகி அணைத்தார்.

"கேட்டீங்கல்ல? நான் சொல்லல, திருச்சி ரேடியோ சொல்லுது. கோடை மழை கொட்டுச்சுன்னா மேட்டுத் தண்ணி பூரா இந்தப் பள்ளத்துக்குத்தான் பாயும். புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு எல்லாரும் மேட்டுக்குப் போங்க. பள்ளிக்கூடம் தொறந்துதான் இருக்கு, ஆத்தா."

ஆத்தாவாம்! குடிசை வாசலில் நின்ற கண்ணாத்தாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நேற்று வரைக்கும் 'ஏய்' என்றே கூப்பிட்ட வாய் அது. கடைவாயில் வெற்றிலைச் சாறு ஒழுக, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, சாக்கடைச் சேறு படாமல் ஒற்றைக் காலில் நிற்காத குறையாக நின்றபடி உபகாரம் பேசுகிறது!

கழக ஆட்சி புதுச் சட்டம் போட்டிருந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருப்பவர்களுக்கே அந்த மனை சொந்தம். யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுத இன்றைக்குத்தான் ஆபீசர் வருகிறார். இன்றைக்கென்று பார்த்து இந்த மனுஷனுக்குக் கரிசனம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏங்க, ஐப்பசி மழையில நாங்க சட்டிபானையோட மெதந்தப்ப இந்த ரேடியோ எங்கங்க போச்சு?" என்றாள்.

"பழசெல்லாம் எதுக்கு? இப்ப சொல்றதைக் கேளு."

பக்கத்துக் குடிசைக் காத்தாயி கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மேற்கே பார்த்தாள். "அக்கா, கருக்கிக்கிட்டு வருதுக்கா. புள்ளைக்கு வேற சளி. நான் மட்டுமாச்சும் போறேனே?"

"போ, தாராளமா போ! நீ அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் கூரையைப் பிரிச்சிடுவானுங்க. போன வருசம் பக்கத்து ஊர்ல என்ன பண்ணானுங்க? அம்மை ஊசி போடறோம், வாங்கன்னு கூப்பிட்டுட்டு, திரும்பி வர்றதுக்குள்ள தெருவையே தரைமட்டமாக்கிட்டானுங்க. ஆபீசர் வர்றப்ப வாசல்ல ஆள் நிக்கணும்டி. நின்னாத்தான் மனை."

காத்தாயி திரும்பக் குடிசைக்குள் போனாள். அவளைப் பார்த்து, மூட்டை கட்டியிருந்த மற்றவர்களும் முடிச்சை அவிழ்த்தார்கள்.

அந்த நேரம் பண்ணை மாட்டு வண்டி ஒன்று வாய்க்கால் பாலம் ஏறிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிற்று. வண்டியில் ஒரு மேசை, ஒரு பிரம்பு நாற்காலி.

"அது யாருக்குங்க?"

"எல்லாம் உங்களுக்காகத்தான்" என்றார் கணக்குப்பிள்ளை.

கண்ணாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டீங்களாடி கூத்தை! வெள்ளத்துக்குப் பயந்து ஓடி வர்றவளுக்கு நாற்காலியாம்! எங்கள என்னைக்குய்யா நாற்காலியில உக்கார வச்சீங்க?"

தெருவே சிரித்தது. ஆனால் இளையபெருமாளுக்குக் கோபம் வரவில்லை.

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன். இத்தனை பேரும் சாட்சி. நாளைக்கு யாரும் வந்து சொல்லலைன்னு பேசக் கூடாது."

"தூ!" என்று அவர் நின்ற பக்கமே துப்பினாள் கண்ணாத்தாள்.

ரேடியோ பொய் சொல்லவில்லை. உச்சி வேளைக்கு முன்னாலேயே வானம் இடிந்து விழுந்த மாதிரி பிடித்துக்கொண்டது. அடுத்த தெரு தெரியவில்லை, பக்கத்தில் கத்தினால் காதில் விழவில்லை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு, மேட்டுக் குப்பையும் சாக்கடையும் செத்த எலியும் குடிசைக்குள் புகுந்தன. தண்ணீர் இடுப்பு வரை ஏறியது. காத்தாயி குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அழுதாள். அவளை ஒரு கையாலும் வாசல் கம்பத்தை ஒரு கையாலும் பிடித்தபடி, "விட்டுடாத, ஆபீசர் வந்துடுவாரு, விட்டுடாத" என்று கண்ணாத்தாள் தொண்டை கிழியக் கத்தினாள்.

பொழுது சாயும்போது மழை விட்டது. பாதிச் சுவர் கரைந்து போயிருந்தது. ஆனாலும் ஒரு வாசலிலும் ஆள் இல்லாமல் இல்லை. கண்ணாத்தாளுக்கு அந்த நாற்றத்திலும் நெஞ்சு நிமிர்ந்தது.

முழங்கால் தண்ணீரில் ஊர்த் தலையாரி தங்கையன் வந்தான். பின்னாலேயே குடையோடு இளையபெருமாள்.

"இங்கயா இருக்கீங்க எல்லாரும்?" தங்கையன் திகைத்து நின்றான். "ஏன் ஒருத்தர்கூட வரல?"

"நாங்க எங்க வர்றது? ஆபீசர்தானே இங்க வரணும்? எங்க அவரு?"

"அவரு அப்பவே போயிட்டாரே! இந்தப் பள்ளத்துல ஜீப் இறங்காதுன்னு நேத்தே பண்ணைக்குச் சொல்லியனுப்பி, மேசை நாற்காலி போட்டுப் பள்ளிக்கூடத்துல உக்காந்துட்டாரு. ஒவ்வொரு பேரா கூப்பிட்டாரு. ஒரு ஆளும் இல்லை. 'யாரும் குடியில்லை'ன்னு எழுதிட்டுக் கெளம்பிட்டாரு. உங்களுக்கெல்லாம் தகவல் சொல்லியாச்சுன்னு பண்ணையில சத்தியம் பண்ணாங்களே!"

காத்தாயி நனைந்த குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு கண்ணாத்தாளையே பார்த்தாள். கண்ணாத்தாளுக்கு முதன்முறையாகத் தன் மேலேயே குமட்டியது.

இளையபெருமாள் குடையைத் தோளில் சாய்த்து, வாயிலிருந்த வெற்றிலையை நிதானமாகத் தண்ணீரில் துப்பினார்.

"நான்தான் காலையிலேயே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே ஆத்தா, பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு!"