குமிழி வராத டயர்

வால்வின் மூடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வால்வின் நுனியை விரலால் அழுத்தினான். சைக்கிளின் பின் சக்கரத்திலிருந்து காற்று சீறியது.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினான். சிறுமலை இறக்கத்தில் அந்தக் காலை வேளையில் அவனையும் சில குரங்குகளையும் தவிர யாரும் இல்லை. குரங்குகள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

நல்ல டயர். நல்ல காற்று. ஒரு பாவமும் அறியாதது.

கடைசி மூச்சு வரை அழுத்திக்கொண்டே இருந்தான். நாற்பதைத் தாண்டியவன் செய்கிற வேலையா இது?

கீழே, கல் பாதை தார்ச் சாலையைத் தொடும் இடத்தில் அவளுடைய செடி நர்சரி.

முன்பெல்லாம் இந்தத் திருட்டுத்தனம் தேவைப்படவில்லை. அவன் சைக்கிளில் இறங்கும் ஞாயிறுகளில் பாதிக்கு மேல் கற்களே பார்த்துக்கொண்டன. வேகமாக வந்து மோதினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அவனோடு ஓட்டும் சைக்கிள் குழுவில் இதைப் பாம்புக் கடி என்பார்கள்.

உருட்டிக்கொண்டு நர்சரி வாசலுக்கு வருவான்.

அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். செடிகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் தொட்டியை இழுத்து வந்து அவன் முன்னால் வைப்பாள்.

டியூப்பைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பான். முதல் ஓட்டை அவனுக்கே தெரிந்துவிடும். இரண்டாவதை எப்போதும் அவள்தான் கண்டுபிடிப்பாள். இடம் தவறிவிடாமல் இருக்க, மண் ஒட்டிய கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

பசை காய நேரமாகும். அவன் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே தடவுவான்.

அந்த நேரத்தில் அவள் ரோஜாப் பதியனைப் பற்றிப் பேசுவாள். பொய்த்துப்போன மழையைப் பற்றி. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சகாயராணி என்கிற பெயரே நர்சரி போர்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

கொடியில் காயும் துணிகள் எல்லாமே ஒருத்தியுடையவை என்பதை ஒரு நாள் கவனித்தான். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதற்காக அன்று முழுக்க வெட்கப்பட்டான். அவன் வீட்டுக் கொடியும் அப்படித்தான்.

பிறகு அவனுக்குப் புத்தி கெட்டது.

அவனுக்காகக் காத்துக் காத்துக் குழுவே சலித்திருந்தது. அந்த ரோஷத்தில் சக்கரத்தை மாற்றினான். டியூப் இல்லாத டயர். அதற்குள்ளே, ரிம்மைச் சுற்றி, கெட்டி நுரையில் ஒரு வளையம். இன்சர்ட் என்று பெயர். கல்லில் மோதினால் அடியை அது வாங்கிக்கொள்ளும். அதை உள்ளே திணித்து டயரை மாட்டுவதற்குள் நகம் பெயர்ந்துவிட்டது. ஆனாலும் பெருமை தாங்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

முதல் நாள் கற்களின் மேல் பறந்து இறங்கினான்.

அவள் தொட்டியை வாசலில் இழுத்து வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

குழுத் தலைவர் ஜெயசீலன்தான் பிரேக் பிடித்துச் சொன்னார்.

"இனிமே இவருக்குத் தொட்டி வேணாம்க்கா. உள்ள இன்சர்ட் போட்டாச்சு. அப்படியே காத்து போனாலும் நிக்காம திண்டுக்கல் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிரலாம்."

"நல்லதுங்க சார்" என்று அவள் சிரித்தாள்.

தொட்டியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அது சிமெண்ட் தரையில் உராய்ந்த சத்தம் வாரம் முழுக்க அவன் காதில் கிடந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கையசைப்பு மட்டும்.

கல்லாகத் தேடித் தேடி மோதினான். நுரை அசைந்து கொடுக்கவில்லை. சும்மா போய் நின்று பேசலாம் என்றால், அவன் சும்மா போய் நிற்கிற ஆள் இல்லை. செடி வாங்கலாம் என்றால், "சைக்கிள்ல எப்படி சார் கொண்டு போவீங்க?" என்று அவளே தடுத்துவிட்டாள்.

அவளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. கடந்து போகும்போது அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, பசை காயும் வரைக்கும்.

இன்று குழுவிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருக்கிறான்.

காற்றில்லாத சக்கரத்தோடு இறங்கினான். வளையம் சமர்த்தாகத் தாங்கியது. நர்சரிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, உருட்டிக்கொண்டு போனான்.

அவள் பதியன் பைகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள். சப்பிப்போன டயரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

தொட்டியை இழுத்து வந்தாள்.

அவன் சக்கரத்தைக் கழற்றி, கைப்பம்பால் காற்றடித்து, தண்ணீரில் இறக்கினான். இருவரும் குனிந்து மெல்லச் சுற்றினார்கள்.

ஒரு முழுச் சுற்று.

ஒரு குமிழி இல்லை.

ஜெயசீலன் சொன்னதை அவள் மறந்திருக்கமாட்டாள். அவனுக்குக் காது சுட்டது. இன்னும் குனிந்துகொண்டான்.

குனிந்ததில் சட்டைப் பையிலிருந்து வால்வின் மூடி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. சின்னக் கறுப்பு மூடி. இருவருக்கும் நடுவில் மிதந்தது.

அவன் கை நீட்டவில்லை. நீட்டத் தைரியம் இல்லை.

அவள் அதை எடுத்தாள். ஈரம் போகத் துடைத்தாள். முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள்.

பிறகு டயரின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"இன்னொரு சுத்து பாத்துருவோம்," என்றாள். "மெதுவா சுத்துங்க."