இன்ஜின் இறங்கிய நாள்

"என் காரோட பழைய இன்ஜினைக் கழட்டிட்டு நல்லதா ஒண்ணு மாட்டப்போறேன். அப்புறம் பாரு, நம்ம ரெண்டு பேரும் ஊரெல்லாம் சுத்தலாம்."

"எப்ப?"

"அடுத்த மாசம்."

கல்யாணமான புதிதில் கணவன் சொன்னது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த அடுத்த மாதம் வருவதற்குள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். ஒரு தடவை புது இன்ஜினுக்கு அடியிலிருக்கும் ஆயில் சம்ப் இடித்தது. இன்னொரு தடவை கியர்பாக்ஸ் பொருந்தவில்லை. பிறகு பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் நீளம் போதவில்லை.

"ராக்கெட்டெல்லாம் மேல போயிட்டு வந்துடுச்சு. உங்க இன்ஜின் இன்னும் கீழ இறங்கல" என்பாள், அவனைத் தன் காரில் அலுவலகத்தில் இறக்கிவிடும்போதெல்லாம்.

கடைசியில் அவளே மெக்கானிக்கை வரவழைத்தாள். ஒரே வாரத்தில் புது இன்ஜின் உள்ளே இறங்கி உறுமியது.

"மகாராஜா, தேர் ரெடி. ஏறுங்க." சாவியை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. டயரை உதைத்துப் பார்த்தான். "ரேடியேட்டர் சின்னதா இருக்கோ?"

"ஐயா சாமி! இன்னும் இதுல என்ன குறை?"

"குறை கார்ல இல்ல." தலையைச் சொறிந்தான். "சிரிக்கக் கூடாது. எனக்கு கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறியா?"