கற்பனை வளம்

விருது மேடையில் நாவலாசிரியர் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருந்தார். புகைப்படக்காரர் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவருடைய சிந்தனை இன்னும் ஆழமாகிவிடும்.

நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். “குடிச்சிட்டு ஒருத்தர் மேல காரை ஏத்திக் கொன்னுடறான் தம்பி. பேரும் புகழும் போயிடுமேன்னு பழியை அண்ணன் தலையில கட்டறான். எப்பேர்ப்பட்ட அயோக்கியன்! ஆனா கடைசி அத்தியாயத்துல ஜெயிலுக்கே போய், அண்ணன் கால்ல விழுந்து, உண்மையை ஒத்துக்கறான் பாருங்க, அங்கதான் நான் உடைஞ்சு போயிட்டேன்.”

“மனுஷ மனசோட இருட்டைத் தோண்டறதுதான் என் வேலை,” என்றார் நாவலாசிரியர். அரங்கம் கைதட்டியது.

முன்வரிசையில் அவருடைய அண்ணி இருந்தார். குடும்பம் என்று ஒருவராவது வந்தால் புகைப்படத்துக்கு எடுப்பாக இருக்குமென்று நாவலாசிரியர்தான் கார் அனுப்பி வரவழைத்திருந்தார். தொகுப்பாளினி அண்ணியிடம் மைக்கை நீட்டினாள்.

“கொழுந்தனோட நாவலைப் படிச்சீங்களாம்மா?”

“படிச்சேன்.”

“இவ்வளவையும் எப்படித்தான் கற்பனை பண்றாரோ!”

“கடைசி அத்தியாயத்தை மட்டும்தாம்மா கற்பனை பண்ணியிருக்கார்.”

அரங்கம் சிரித்தது. நாவலாசிரியர் மட்டும் தண்ணீர் கேட்டார்.

“நல்லா ஜோக் அடிக்கிறீங்க! உங்க வீட்டுக்காரர் வரலையா?”

“ஜெயில்ல இருக்காரும்மா. தம்பி காரை ஏத்தினதுக்கு அவர்தான் பழியை ஏத்துக்கிட்டார். அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படிச்சதிலேர்ந்து, தம்பி வந்துடுவான், வந்துடுவான்னு தினமும் காத்துக்கிட்டிருக்கார்.”