இரட்டைப் பதிவு

"தம்பி, அந்தப் பெரியவர் பேரை மறுபடியும் காணோம்!"

போன் அக்கா அலுத்துக்கொண்டார். தனியாக இருக்கும் முதியவர்களை ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவரும் மன்றம் அது. வரும் அழைப்புகளை எடுத்துக் கணினியில் பதிவது அவர் வேலை.

நம் டேட்டாபேஸ் நிபுணர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் மன்றத்தின் பாராட்டு விழா. விழா நாயகன் அவர்தான். மேடையில் காட்ட வேண்டிய அறிக்கையை அழகுபடுத்திக்கொண்டிருந்தார்.

"காணோம்னா இரட்டைப் பதிவுன்னு அர்த்தம், அக்கா. தொண்டரோ முதியவரோ, ஒரு முகவரி ஒரு தடவைதான் இருக்கணும். ரெண்டாவதா வந்தா சிஸ்டமே தூக்கிடும். நாம கண்ணால பார்க்கக்கூட வேண்டாம்."

"நான் வாராவாரம் ஏத்தறேன். மறுநாளே மாயமாயிடுது. மனுஷன் காத்துக்கிட்டே இருக்கார் தம்பி."

"அதே முகவரி ஏற்கெனவே உள்ள இருக்கு. அதான் தூக்குது. நம்ம ஆள் யாராவது போய்ப் பார்த்திருப்பாங்க. வயசானவங்க, மறந்திருப்பாரு."

"யாருமே வரலைன்னு சத்தியம் பண்றாரே?"

நிபுணருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆபீசில் பெரிய பெரிய வங்கிகளின் வாடிக்கையாளர் கணக்கையே சலித்துச் சுத்தம் பண்ணுகிறவர். அவருடைய சிஸ்டத்தைப் போய்ச் சந்தேகப்படுவதா?

"அக்கா, இந்த அறிக்கையைப் பாருங்க. 'கவனிக்கப்படாத முதியவர்கள்: யாருமில்லை.' தலைவர் இதைப் பார்த்துட்டுக் கண் கலங்கிட்டார், தெரியுமா? ஒரு ஆள் போன் பண்ணித் தொந்தரவு குடுத்தா இதை மாத்திட முடியுமா?"

"அறிக்கை நல்லாத்தான் இருக்கு. அவரைத்தான் யாரும் பார்க்கலை."

"சில பேருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. வீட்டுல எல்லா வசதியும் இருக்கும். நாலு பேர் வந்து சீராட்டணும்னு ஆசை. இந்த மாதிரி ஆளுங்களாலதான் நிஜமாவே ஆதரவு இல்லாதவங்களுக்கு நேரம் இல்லாம போகுது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "அவர் ஒண்ணும் சீராட்டச் சொல்லலை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிட்டுப் போனாப் போதும்கிறார்."

"சரி, போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. யார் வந்தாங்க, எப்போ வந்தாங்கன்னு நானே கேக்கறேன். ரெண்டே கேள்வியில குட்டு வெளிப்பட்டுடும்."

அக்கா எண்ணை அழுத்தினார். நிபுணர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஹலோ, யாரும்மா?" என்றது குரல்.

நிபுணர் வாயைத் திறந்தார். முகம் வெளிறிவிட்டது.

அக்கா அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். 'கேளுங்க' என்று சைகை காட்டினார். அவர் அசையாததால் தானே பேசினார்.

"மன்றத்துலேருந்து பேசறோம் ஐயா. இந்த வாரமும் ஆள் வரலையா?"

"வரலைம்மா. பரவாயில்லை, உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். வாசல் கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன்."

"வீட்டுல வேற யாரும் இல்லையா ஐயா?"

"பையன் இருக்காம்மா. தங்கமான பையன், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. வார நாளெல்லாம் ஆபீஸ். ஞாயித்துக்கிழமை ஆனா, தனியா இருக்கிற பெரியவங்களைப் பார்த்துக்கணும்னு கிளம்பிடுவான். அப்படி அவன் படியிறங்கிப் போறப்போ, சட்டை முதுகுல உங்க மன்றத்தோட பேரும் நம்பரும் அச்சடிச்சிருந்துது. அதைப் பார்த்துத்தாம்மா உங்க நம்பரையே குறிச்சுக்கிட்டேன்."