நெயில் பாலிஷ் வாசனை

ஹேமாவதி சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டாள்.

அரவை இயந்திரம் முனகிக்கொண்டே நின்றது. மூன்று கம்பெனி ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய போன், லேப்டாப்களைப் பிரித்துப் பேட்டரியை எடுத்துவிடுவது பாடியில் ஒரு கம்பெனி. மிச்சத்தை அரைப்பது அம்பத்தூரில் இந்தக் கம்பெனி. அரைத்த தூளிலிருந்து தாமிரமும் தங்கமும் எடுப்பது பூந்தமல்லிக் கம்பெனி. நேற்றுவரை ஒருவர் காலை ஒருவர் வாரியவர்கள், இப்போதுதான் கைகோத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு பேட்டரி தப்பி அரவைக்குள் போனாலும் தீப்பிடிக்கும். அன்றோடு பாடிக்குப் பெரிய கும்பிடு.

ஹேமாவதி பாடியிலிருந்து வந்தவள். அந்தக் கும்பிட்டில் அவள் வேலையும் அடக்கம்.

ஆனாலும் அந்த வாசனை. நெயில் பாலிஷ் மாதிரி, லேசான தித்திப்போடு. கசிகிற பேட்டரிக்குத்தான் அப்படி அடிக்கும். தெரியாத மாதிரி நிற்க அவளால் முடியவில்லை.

அம்பத்தூர் சூப்பர்வைசர் பிராங்குக்குப் பாடிக்காரர்களை முதலிலிருந்தே பிடிக்காது. உடனே முதலாளிக்குப் போன் போட்டு, பாடிக்காரர்களை நம்ப வேண்டாம் என்று தான் அப்போதே சொன்னதை மறுபடியும் சொன்னார். போனை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் மாற்றி மாற்றிப் பேசினார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இயந்திரத்துக்குள் போகும் பெல்ட்டில் கிடந்ததையெல்லாம் தரையில் கொட்டச் சொன்னார்.

கொட்டினார்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள்.

ஹேமாவதிக்கு, பேட்டரி கிடைத்தால் வேலை போகும். கிடைக்காவிட்டால் மானம் போகும்.

கிடைக்கவில்லை. பேட்டரி எடுக்கும் பாடிப் பெண்கள் ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிராங்குக்கு முகம் தொங்கிப்போனது. நேராக அவள் எதிரில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, இங்க நெயில் பாலிஷ் கடையா வச்சிகினு கீறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வாசனை போகவில்லை. அவர் கிட்டே வந்ததும் இன்னும் கூடியது.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தாள்.

சட்டைப் பை புடைத்திருந்தது. மேலே துருத்திய போனின் பின்மூடி, பேட்டரி உப்பி ஒரு பக்கம் பிளந்திருந்தது.

ஹேமாவதி தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியைக் காலாலேயே இருவருக்கும் நடுவில் இழுத்தாள்.

"ஆடாதீங்க சார். சட்டைய மெதுவா கயட்டுங்க."