இருபதாவது நேயர்

லொரேனுக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்தில் கால்குலேட்டர் இருக்கிறது என்று பள்ளி முழுக்க நான்தான் பரப்பியிருந்தேன். அதுவும் அவர் குரலிலேயே பேசிக் காட்டி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பொது வானொலியில் நேயர் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் லொரேனின் வேலை. வந்ததும் கழிக்கத்தான் ஆரம்பித்தார். முதல் பலி, ஹெர்ப் சனிக்கிழமைதோறும் நடத்தும் போல்கா நடன இசை நிகழ்ச்சி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இருபது பேராவது போன் பண்ணி, போல்கா வேணும்னு பேசிப் பதிவு பண்ணணும். பத்தொன்பதுன்னா, ஹெர்ப் வீட்டுல உக்காந்து அக்கார்டியன் வாசிக்கலாம். இது நிர்வாகக் குழுவோட முடிவு," என்றார்.

குழுவாம். யார் நம்புவார்கள்?

போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. அந்த நிகழ்ச்சியில் ஹெர்ப் கேட்டுக்கொள்வதால்தான், பரணில் தூசி தின்னும் வாத்தியங்களை நேயர்கள் எங்கள் பள்ளி பேண்டுக்குத் தருகிறார்கள். என் டிராம்போன் அப்படி வந்ததுதான். பேண்டின் பெரிய ஊதுகுழலான டியூபாவை இப்போதைக்கு ஒட்டுநாடாதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

வியாழன்வரை பேசியவர்கள் எட்டுப் பேர். அதில் ஒருவர் ஹெர்பின் மைத்துனர்.

மீதியை நான் எடுத்துக்கொண்டேன், போனில் குரலை மாற்றி மாற்றி. இருமும் லாரி டிரைவர், பல்செட் கழன்ற பெரியவர், பாதிரியார், அவரோடு சண்டை போட்டுக்கொண்டே பேசும் சமையல்காரி... பதினோரு குரல். அதோடு தொண்டை கட்டிக்கொண்டது. பன்னிரண்டாவதற்கு வாயைத் திறந்தால் எங்கள் டியூபா சத்தம்தான் வந்தது.

ஆக, பத்தொன்பது.

வெள்ளி மதியம் குழு கூடியது. பள்ளி சார்பில் எனக்கும் ஒரு நாற்காலி. லொரேன் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பாதிரியார் பேசியபோது தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெர்ப் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதும் முடிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. காலையிலதான் வந்துச்சு," என்றார் லொரேன், கமறிக்கொண்டே.

கரகரப்பான ஆண் குரல் ஒலித்தது. "நான் பால் பண்ணை வெச்சிருக்கேன். போல்கா போட்டாத்தான் என் மாடுங்க பாலே விடுது. நிறுத்தினா, நீங்களே வந்து கறந்துக்குங்க. இது உங்களைப் போன்ற நேயர்களின் ஆதரவில் இயங்கும் பொது வானொலி."

பண்ணைக்காரர் எதற்கு நிலைய அறிவிப்பைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் இருபது என்று எழுதிக்கொண்டார். போல்கா பிழைத்தது.

வராந்தாவில் லொரேன் என்னை நிறுத்தினார். செத்தேன் என்று நினைத்தேன். கையில் தொண்டை மாத்திரை அட்டை ஒன்றைத் திணித்தார்.

"பன்னிரண்டு இருக்கு. உன் ஆளுங்க பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. பாதிரியார் ரெண்டா கேப்பாரு, குடுக்காதே."

அவர் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"மாடு மேய்க்கிறது லேசுப்பட்ட வேலை இல்லம்மா."